பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? கார்புரேட்டர் திருகைக் கடைசியில் தொடுங்கள்

பழைய பத்மினியோ அம்பாசடரோ வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு: "காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, கார்புரேட்டர் சரியில்ல." சொன்ன கையோடு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் அந்தக் கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் திருகைத் திருப்ப ஆரம்பித்துவிடுவார்கள். நேற்று மாலை நன்றாக ஓடிய வண்டியின் திருகு ராத்திரியில் தானாகத் திரும்பியிருக்காது. கார்புரேட்டர் கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி உண்மையில் கரண்ட் கோளாறுதான். அதனால் முதலில் கரண்ட், அப்புறம் பெட்ரோல், எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்தத் திருகு. ஏன் இந்த வரிசை என்பதைப் புரிந்துகொள்ள, பானட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் போதும். மெக்கானிக் ஆக வேண்டியதில்லை.

மும்பை குர்லாவில் தயாரான ஃபியட் 1100, அதன் வழிவந்த பிரீமியர் பத்மினி, உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர், சென்னைக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இலங்கைச் சாலைகளில் இன்றும் பார்க்கக் கிடைக்கும் மோரிஸ் மைனர் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதுகிறேன். இவற்றின் பழைய பெட்ரோல் மாடல்கள் எல்லாவற்றிலும் நான்கு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர், பொறிக்கான கரண்டைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். கம்ப்யூட்டர் கிடையாது. கோளாறு எதுவானாலும் கண்ணுக்கோ காதுக்கோ மூக்குக்கோ அகப்பட்டுவிடும். இந்த வண்டிகளின் பெரிய அழகே அதுதான்.

இவற்றில் வரும் ஸ்டார்ட்டிங் ட்ரபிளுக்கு முக்கியக் காரணம் ஓடாமல் நிற்பது. இந்தியாவில் 2021-இல் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத காரை வின்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். அப்படிப் பதிவு செய்ததை தினசரிப் போக்குவரத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு என்று சில காரியங்களுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். ஆக, பிரியமாக வைத்திருக்கும் வண்டி பெரும்பாலான நாள் ஷெட்டில்தான் நிற்கும். நிற்கிற வண்டியில் பேட்டரி இறங்கும், டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் பாயிண்ட்டில் படலம் படியும், கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசினாகும்.

செல்ஃப் சுற்றுகிறதா?

சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுறுசுறுப்பாகச் சுற்ற வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தாலோ, இழுத்து இழுத்துச் சுற்றினாலோ கார்புரேட்டர் பக்கம் போகவே வேண்டாம். முழு சார்ஜில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அது சுமார் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். எஞ்சின் ஒருவழியாகச் சுற்றினாலும் அந்த நேரத்தில் பொறிக்கான உயர் வோல்ட்டைத் தரும் காயிலுக்குப் போதுமான கரண்ட் போகாது, தீப்பொறி பலவீனமாகும். "சுத்துது, ஆனா பிடிக்க மாட்டேங்குது" என்பதற்கு இது ஒரு சாதாரணக் காரணம். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பூஞ்சை போன்ற உப்பைச் சுரண்டி எடுங்கள். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையை மறந்துவிடாதீர்கள். வண்டிக்குப் புது பெயின்ட் அடித்த பிறகு ஸ்டார்ட்டிங் கெட்டுப்போனால் அந்தப் பட்டையின் அடியில் பெயின்ட் புகுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

வேறு வண்டியிலிருந்து கேபிள் கொடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1950-களின் மோரிஸ் மைனர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு போன்ற பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இப்போதைய கார் நினைப்பில் மாற்றிக் கொடுத்தால் ஒயரிங் கருகிவிடும். யாராவது இடையில் மாற்றி அமைத்திருக்கவும் கூடும், அதனால் கேபிளை எடுக்கும் முன் உங்கள் வண்டியில் எது எர்த் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் வருகிறதா?

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்று சொல்லப்படும் சின்ன சுவிட்சு இருக்கிறது. அது மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுற்றில் 12 வோல்ட் கரண்ட் ஓடி, காந்தப்புலம் எழும். எஞ்சின் சுற்றச் சுற்ற கேம் எனப்படும் மேடுள்ள சுழல் தண்டு வந்து பாயிண்ட்டைத் திறக்கும். அந்தக் கணத்தில் காந்தப்புலம் சரிய, காயிலின் இரண்டாவது சுற்றில் பல ஆயிரம் வோல்ட் பிறந்து சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கில் பொறியாகத் தாவும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது இது விநாடிக்கு 100 முறை நடக்கிறது. இவ்வளவு வேலையும் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகளின் தலையில்தான். சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தின் மின்சாதனங்கள் நாடு முழுக்க அம்பாசடர்களில் ஓடின. சென்னை மெக்கானிக்குகளுக்கு இந்தச் சாமான்கள் கை மாதிரி பழக்கமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

சோதிப்பது எளிது. ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரில் மறுபடி மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பு எஞ்சினின் வெற்று உலோகத்தில் படும்படி வையுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், அதன் வழியே பெட்ரோல் ஆவி வெளியே வரும். ஒயரை வெறும் கையால் பிடிக்கவும் வேண்டாம். நிழலான இடத்தில் ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். நீல நிறத்தில் 'சட் சட்' என்று சத்தத்தோடு பொறி அடித்தால் கரண்ட் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக, சத்தமே இல்லாமல் நூல் போல வந்தால் போதாது. பொறியே இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்க வேண்டியதுதான்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பாயிண்ட்டின் இரு முகங்களும் சாம்பல் பூத்துக் கிடக்கும். மெல்லிய ஃபைலால் இரண்டு இழுப்பு இழுத்து, சுத்தமான அட்டைத் துண்டை நடுவில் விட்டுத் துடைத்தால் பல வண்டிகள் அங்கேயே உயிர் பெற்றுவிடும். கேமின் மேடு பாயிண்ட்டை முழுக்கத் திறந்திருக்கும் நிலையில் இடைவெளி எவ்வளவு என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள். அம்பாசடரின் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். மற்ற வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டைப் பார்க்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கிறுக்கியது போலக் கருங்கோடு தெரிந்தால் கரண்ட் அந்த வழியில் கசிகிறது, மூடியை மாற்றுவதே நல்லது. மழைக்காலத்தில் பாதிப் பிரச்சினை மூடிக்குள் இருக்கும் ஈரம்தான். உலர்ந்த துணியால் துடைத்தால் முடிந்தது.

பாயிண்ட்டுக்குப் பக்கத்திலேயே கட்டைவிரல் அளவுக்கு ஓர் உருளை இருக்கும், அதுதான் கன்டென்சர். பாயிண்ட் திறக்கும்போது அங்கேயே பொறி அடித்துக் கரண்ட் வீணாகாமல் தடுப்பது அதன் வேலை. இது பழுதாகும் விதம் ஆளை நன்றாக ஏமாற்றும். காலையில் வண்டி கிளம்பும், இருபது நிமிடம் ஓடும், சூடேறியதும் திணறி நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். எல்லாரும் கார்புரேட்டரைத்தான் கழற்றுவார்கள். சூடானால் நிற்கும் வண்டிக்குக் கார்புரேட்டரைப் பிரிக்கும் முன் ஒரு புதுக் கன்டென்சர் போட்டுப் பாருங்கள் என்பதுதான் என் உறுதியான சிபாரிசு. காயிலும் இதே மாதிரி சூட்டில் படுக்கக்கூடியது. சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் விசாரித்தால் இந்தச் சாமான்கள் இன்னும் கிடைக்கின்றன. முடிந்தால் பழைய பெட்டியில் இருக்கும் அந்தக் காலத்துச் சரக்கைக் கேட்டு வாங்குங்கள்.

இனி பெட்ரோல்

பொறி நன்றாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். எஞ்சினை நிறுத்தி வைத்துவிட்டு, கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் லீவரைக் கையால் ஒருமுறை இழுங்கள். ஆக்சிலரேட்டர் பம்ப் உள்ள சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டராக இருந்தால் மெல்லிய பெட்ரோல் தாரை ஒன்று பீய்ச்சி அடிக்க வேண்டும். அடித்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் இருக்கிறது, அந்தச் சிறு பம்ப்பும் வேலை செய்கிறது. எஸ்.யூ. வகைக் கார்புரேட்டரில் இந்தப் பம்ப் கிடையாது, அங்கே தாரையைத் தேடாதீர்கள்.

தாரை வரவில்லையென்றால் பின்னோக்கிப் போக வேண்டும். பெட்ரோல் பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, காயிலின் ஒயரை எடுத்துவிட்டு செல்ஃப் அடித்தால் குபுக் குபுக்கென்று வர வேண்டும். வராவிட்டால் பம்ப்பின் டயாஃப்ரம் என்ற சவ்வு, டேங்க்கின் துரு, அடைத்த ஃபில்டர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலோடு கலக்கலாம். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் தூக்கலாக அடித்தால் ஆயிலை மாற்றாமல் எஞ்சினை ஓட்டவே கூடாது. மோரிஸ் மைனரில் இருப்பது மின்சாரப் பம்ப். சாவி போட்டதும் 'டிக் டிக்' என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிடும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது கார்புரேட்டர் வழிகிறது.

கார்புரேட்டர் என்ன செய்கிறது?

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எஞ்சினில் சரியாக எரியாது. பொடித் துளியாகிக் காற்றோடு கலக்க வேண்டும். எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. கனஅளவில் சொன்னால் 1 லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். கார்புரேட்டரின் தொண்டை நடுவில் குறுகலாக இருக்கும். எஞ்சின் இழுக்கும் காற்று அங்கே வேகம் பிடிக்கும், வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். குறைந்த அழுத்தம் ஜெட் என்ற சின்னத் துளை வழியாகப் பெட்ரோலை மேலே இழுத்துத் தூவிவிடும். 1893-வாக்கில் வில்ஹெல்ம் மேபாக் உருவாக்கிய தூவல் கார்புரேட்டரின் அடிப்படைதான் பத்மினியிலும் இருந்தது.

ஜெட்டுக்கு எப்போதும் ஒரே மட்டத்தில் பெட்ரோல் கிடைக்க வேண்டும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை மூடுவதைப் போல, கார்புரேட்டரின் கிண்ணத்தில் ஃப்ளோட் மிதந்து, ஒரு ஊசியால் பெட்ரோல் வழியை அடைக்கும். ஊசியின் முனை தேய்ந்தாலோ, அடியில் ஒரு தூசி சிக்கினாலோ ஓவர்ஃப்ளோ ஆகும். பெட்ரோல் நாற்றம், கரும்புகை, நனைந்த கருப்புப் பிளக் எல்லாம் அதன் அடையாளம். பித்தளை ஃப்ளோட்டாக இருந்தால் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டை இருக்கும் இடத்திலிருந்து குமிழி வரும்.

நீண்ட நாள் நின்ற வண்டியின் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் பழுப்புநிறப் பிசின் ஒட்டியிருக்கும், சில சமயம் வெள்ளைப் பொடியும் இருக்கும். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும், பிறை மாதிரி தெரிந்தால் பாதி அடைத்திருக்கிறது. சோலெக்ஸ் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் அந்தத் துளையின் அளவுதான்: 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். அவ்வளவு நுணுக்கமாகத் துளைத்ததைக் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. துளை பெரிதானால் மறுபடி சிறிதாக்க முடியாது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊதினால் போதும். ஐடிலுக்கான, அதாவது ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடுவதற்கான, ஜெட் இன்னும் சின்னது என்பதால் முதலில் அதுதான் அடைக்கும். வண்டி வேகத்தில் நன்றாக ஓடி, சிக்னலில் கால் எடுத்ததும் அணைந்துவிட்டால் அதைப் பாருங்கள்.

சோக் எதற்கு? செல்ஃப் சுற்றும் வேகம் குறைவு, அதனால் தொண்டையில் இழுவையும் குறைவு. குளிர்ந்த உலோகத்தில் படும் பெட்ரோல் ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆவியாகும் கொஞ்சமாவது எரியப் போதுமானதாக இருக்க வேண்டும் என்றுதான் சோக் இழுத்து அதிகப் பெட்ரோல் கொடுக்கிறோம். சென்னை வெயிலில் காலையில் சில விநாடி சோக் போதும், எஞ்சின் பிடித்ததும் உள்ளே தள்ளிவிடுங்கள். ஊட்டிக் காலையில் கூடுதல் நேரம் வேண்டியிருக்கும். ஆனால் ஊட்டியில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, கார்புரேட்டருக்கு அது தெரியாது. மேட்டுப்பாளையத்தில் சரியாக ஓடிய வண்டி மேலே போனதும் பிக்கப் குறைந்து கரும்புகை விட்டால் அது பழுதல்ல, உயரத்தின் வேலை. அங்கே டியூன் செய்துவிட்டுக் கீழே இறங்கினால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஆக்சிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்காதீர்கள். ஒவ்வொரு மிதியும் ஒரு பீய்ச்சல். பிளக் நனைந்துவிட்டால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை அடிவரை அமுக்கி அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். நிறையக் காற்று புகுந்து தேங்கிய பெட்ரோலை வெளியேற்றும்.

சூட்டில் நிற்கும் இரண்டு விதம்

மே மாத வெயிலில் நடக்கும் இரண்டு கோளாறுகளை எல்லாரும் ஏர்லாக் என்ற ஒரே பெயரில் சொல்கிறார்கள். மருந்து வேறு வேறு என்பதால் பிரித்துப் பார்ப்பது அவசியம். ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை குறைந்து வண்டி நின்றால், எஞ்சினில் ஒட்டியிருக்கும் பம்ப்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகிவிட்டது. பம்ப்பால் ஆவியைத் தள்ள முடியாது. பழைய டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றுவது இதற்காகத்தான், அது சரியான வைத்தியமும்கூட. வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துத் திரும்பி வந்து பார்த்தால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கதை வேறு. எஞ்சின் சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்திருக்கும். இங்கே ஈரத்துணி உதவாது. மேலே சொன்னபடி ஆக்சிலரேட்டரை அடிவரை அமுக்கி அடிக்க வேண்டும். சில கிலோமீட்டர் ஓடி ஓடி நிற்கும் வண்டியில் பெட்ரோல் டேங்க் மூடியையும் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் சுவாசத் துளை அடைத்திருக்கிறது.

2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த இ20 பெட்ரோல் இப்போது பெரும்பாலான பங்க்குகளில் இருக்கிறது. அதில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் குழாயும் பம்ப் டயாஃப்ரமும் அதில் ஊறி உப்பும், கார்க் கேஸ்கெட் கெடும். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி, டேங்க்கில் துருவையும் கார்புரேட்டரில் அரிப்பையும் கொண்டுவரும். எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் கலவையும் சற்று மெலியும். எத்தனாலைத் தாங்கும் ரப்பர் குழாய்கள், புது டயாஃப்ரம் இரண்டையும் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டும் குழாயைவிட ஆபத்தானது இந்த வண்டிகளில் வேறு இல்லை. ஒரு தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இப்போது அந்தத் திருகு

எல்லாம் சரியான பிறகும் ஐடில் ஆடினால், கார்புரேட்டரின் அடித்தட்டு வளைந்து காற்று இழுக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். நட்டை அளவுக்கு மீறி இறுக்குவதால்தான் அது வளையும். அங்கேயும் பழுதில்லையென்றால் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஐடில் வேகத் திருகால் நிமிடத்துக்கு 800 சுற்று அளவுக்கு வையுங்கள். சோலெக்ஸின் கலவைத் திருகை மெதுவாக உள்ளே திருப்பி, முட்டியதும் நிறுத்தி (இறுக்கினால் ஊசிமுனை கெடும்), ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பார்த்தால் ஓர் இடத்தில் எஞ்சின் வேகம் கூடிச் சீராக ஓடும். அங்கேயே விட்டுவிட்டு வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். எஸ்.யூ. கார்புரேட்டரில் இந்த வேலையை அடியில் இருக்கும் ஜெட் நட் செய்கிறது: மேலே ஏற்றினால் கலவை மெலியும், கீழே இறக்கினால் கனக்கும்.

வண்டியை நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் பம்ப்புக்கு வரும் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, கிண்ணம் காலியாகி எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். பிசின் படிய அங்கே பெட்ரோலே இருக்காது. பல மாதம் கழித்து எழுப்பும்போது பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி, முதலில் எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் காயில் ஒயரை எடுத்துவிட்டு, டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையும் வரை இடைவெளி விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். அதன் பிறகு பிளக்கையும் ஒயரையும் மாட்டி ஸ்டார்ட் செய்யலாம்.